கோடியக்கரைக்கு நண்பர்களோடு: கேள்வி பதில்

கேள்வி (திருவாரூர்): சார், பொங்கல் லீவுக்கு நாங்கள் ஏழு பேர் கோடியக்கரை வருகிறோம். பறவை இருக்குமா? நவம்பரில் போய்வந்தவன் ஒன்றுமே இல்லை என்கிறான்.

பதில்: அவன் சொல்வதும் உண்மைதான். நவம்பரில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது வேதாரண்யம் சதுப்பில் தண்ணீர் ஏறிவிடும். கொசு உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவைக்குக் கால் நம் சுண்டுவிரல் நீளம்கூட வராது. முழங்கால் ஆழத் தண்ணீரில் அது எங்கே நிற்கும், எதைக் கொத்தும்? மழை ஓய்ந்து சேறு தலைகாட்டும் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான் கூட்டம் சேரும். பூநாரைக்குக் காலும் கழுத்தும் நீளம். அதனால் சற்று ஆழமான நீரிலும் நின்று, தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றுநீரை வடிகட்டித் தின்னும். எனவே தெரிந்தவர்களுக்குப் போன் போட்டால் "பறவை வந்தாச்சா" என்று கேட்காதீர்கள், "தண்ணி வடிஞ்சிருக்கா" என்று கேளுங்கள்.

வெளிச்சத்தையும் கணக்கில் எடுங்கள். காலையில் கிழக்கே நின்று மேற்கே பார்த்தால் நிறம் தெரியும். எதிர்வெயிலில் எல்லாமே கறுப்பு உருவம்தான். ஒன்பது மணிக்கு மேல் உப்பளத் தரையிலிருந்து கானல் கிளம்பும். அதன்பிறகு எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய தொலைநோக்கியிலும் உருவம் நடுங்கும். கண்ணாடியில் கோளாறு இல்லை, காற்றில்தான். கையில் பிடிக்க 8x42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கும்) போதும். அதற்கு மேல் பெரிதாக்கினால் கை நடுக்கமும் கூடவே பெரிதாகும்.

ஏழு பேரும் ஒன்றாக நடக்காதீர்கள். நாலும் மூன்றுமாகப் பிரிந்து கொள்ளுங்கள். ஸ்பீக்கரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

கேள்வி (பட்டுக்கோட்டை): இது தேசியப் பூங்காதானே அண்ணே? யானை இருக்குமா?

பதில்: இல்லை தம்பி, இது வனவிலங்கு சரணாலயம். 1967-ல் அறிவித்தார்கள். 2002-ல் சுற்றியுள்ள சதுப்போடும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டோடும் சேர்த்து ராம்சர் ஈரநிலம் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) ஆனது. நம் மாநிலத்தின் தேசியப் பூங்காக்கள் கிண்டி, முதுமலை, முக்குருத்தி, ஆனைமலை, மன்னார் வளைகுடா ஆகிய இடங்களில் இருக்கின்றன. டெல்டாவில் ஒன்றும் இல்லை. இங்கே யானை, புலி கிடையாது. வெளிமான், புள்ளிமான், நரி, காட்டுப்பன்றி, முயல், கீரி, குரங்கு உண்டு. யானை இல்லை என்பதற்காகக் காட்டுக்குள் தன்னிச்சையாக நுழையக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனஉயிரினச் சட்டம் இங்கும் அதேதான். வனத்துறை அலுவலகத்தில் சீட்டு வாங்கி, வழிகாட்டியோடு போங்கள்.

கேள்வி (மயிலாடுதுறை): வெளிமானைப் பக்கத்தில் போய்ப் படம் எடுக்க என்ன வழி? எடுத்ததெல்லாம் ஓடுகிற முதுகுதான்.

பதில்: நேராக அதை நோக்கி நடந்திருப்பீர்கள். அப்படி நடந்தால் வேட்டைக்கு வருகிறீர்கள் என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். புல்வெளியில் சாய்வாக, எங்கோ போகிறவர் மாதிரி நடங்கள். மேயும் கூட்டத்தில் ஒரு தலை நிமிர்ந்தால் நின்றுவிடுங்கள். எல்லாத் தலையும் நிமிர்ந்தால் தூரம் மீறியாகிவிட்டது, பத்து அடி பின்வாங்குங்கள். மறுபடி மேயத் தொடங்கினால் அந்த இடத்திலேயே உட்காருங்கள். நிற்கிற மனிதனைவிட உட்கார்ந்த மனிதனை அவை சீக்கிரம் பொறுத்துக்கொள்ளும். செல்போன் கேமரா உதவாது, 300 மி.மீ. லென்ஸாவது வேண்டும்.

கறுப்பு முதுகும் வெள்ளை வயிறும் முறுக்குக் கொம்புமாகத் தனியாக நிற்பது வளர்ந்த கிடா. பெட்டையும் குட்டியும் மண்நிறம். ஒரே இடத்தில் புழுக்கை குவிந்திருந்தால் அது கிடா தன் எல்லைக்கு வைத்த அடையாளம். அதன்மேல் நின்று போஸ் கொடுத்தால் கிடா விலகிப்போகும், அந்த இடத்தை வேறு கிடா பிடிக்கப் பார்க்கும்.

கேள்வி (தஞ்சாவூர்): காட்டுக்குள் குதிரைகள் திரிகின்றனவாமே, அவை யாருடையவை?

பதில்: என்றோ வீட்டில் வளர்ந்து, பிறகு காட்டோடு போன மட்டக்குதிரைகளின் வாரிசுகள். பார்க்க அழகுதான். ஆனால் வெளிமானுக்கான புல்லிலும் தண்ணீரிலும் பங்குக்கு வருகின்றன. சீமைக்கருவேலக் காயைத் தின்று சாணத்தில் விதை போட்டுப் பரப்புவதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. சீமைக்கருவேலம் ஏறினால் புல்வெளி சுருங்கும், புல்வெளி சுருங்கினால் வெளிமானுக்கு இடம் ஏது? தீனி போடாதீர்கள். பின்பக்கமாகப் போகாதீர்கள், உதைக்கும்.

கேள்வி (கும்பகோணம்): என்னென்ன எடுத்து வர வேண்டும் சார்?

பதில்: முதலில் காலுக்கு. சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பை ஊடுருவும், பைக் டயரையும் விடாது. தடித்த அடியுள்ள ஷூ போடுங்கள், பைக்கில் வந்தால் பஞ்சர் கிட் வையுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். உணவை மூடி இறுகிய எவர்சில்வர் டப்பாவில் கட்டுங்கள், பிளாஸ்டிக் கவர் சலசலத்தால் குரங்கு வந்து நிற்கும். மங்கலான நிற உடை. பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் செருகுங்கள், புல்லில் உண்ணி இருக்கும். கடித்துக்கொண்டிருந்தால் மண்ணெண்ணெய், தீக்குச்சி வேண்டாம். தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக மேலே இழுங்கள், திருகினால் வாய்ப்பகுதி உள்ளே தங்கிவிடும்.

கேள்வி (மன்னார்குடி): எப்படி வருவது?

பதில்: வேதாரண்யத்திலிருந்து சுமார் 11 கி.மீ., பஸ் உண்டு. வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளி வரை வரும் திருத்துறைப்பூண்டி ரயிலும் 2023-லிருந்து மறுபடி ஓடுகிறது. விடியும்போது சதுப்பில் நிற்க வேண்டுமானால் முந்தின நாளே வந்துவிடுங்கள்.

கேள்வி (திருச்சி): அதே நாளில் முத்துப்பேட்டையையும் முடித்துவிடலாமா?

பதில்: முடிக்கலாம், இரண்டையும் அரைகுறையாக. தனி நாள் ஒதுக்குங்கள். அங்கே படகில் கோரையாறு வழியே காயலுக்குப் போவதுதான் அனுபவம். மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறும், காலையிலேயே கிளம்புங்கள். சேற்றில் ஈட்டி மாதிரி நிற்பவை அலையாத்தியின் மூச்சுவேர்கள். இறங்கி மிதித்தால் ஒடியும், கால் புதைந்தால் எடுப்பதும் பாடு. தில்லை மரத்து இலையைக் கிள்ளாதீர்கள், பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும்.

கேள்வி (வேதாரண்யம்): கஜா புயலுக்குப் பிறகு காடு தேறிவிட்டதா ஐயா?

பதில்: 2018 நவம்பர் 16 அன்று விழுந்த பழைய பாலை மரங்களுக்கு ஈடாக இன்னொரு மரம் வளரத் தலைமுறைகள் ஆகும், பாலை அவ்வளவு மெதுவாக வளரும். இது வறண்ட பசுமைமாறாக் காடு, உயரம் குறைவு, இலை தடிப்பு. வெளிச்சம் விழுந்த திட்டுகளில் சீமைக்கருவேலம் முந்திக்கொள்ளப் பார்க்கும். பாலைப்பழத்தைப் பறிக்காமல் விட்டால் பறவையும் குரங்கும் விதையைக் கொண்டு போகும்.

கேள்வி (நாகப்பட்டினம்): ராத்திரி கடற்கரையில் ஆமை பார்க்கலாமா?

பதில்: ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிட ஏறும். வனத்துறையோடு மட்டும் போங்கள். வெள்ளை டார்ச் அடித்தால் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய விளக்கு, அதுவும் தரையை நோக்கி. தலைப்பக்கம் போகவே வேண்டாம், பின்னால் நில்லுங்கள்.