அந்தப் பாம்புக்கு மருந்து எந்த ஊரில் இருக்கிறது? (கேள்வி பதில்)

ஊர்வனப் பூங்கா ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் பாம்பு, முதலை, பல்லி இனங்களைப் பராமரித்தவன் நான். வெளிநாட்டு ஊர்வனவற்றை வீட்டில் வளர்க்கலாமா என்று வந்த கேள்விகளுக்கு, வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

சேலம்: ஐயா, காபூன் விரியன் ஒன்று கிடைக்கிறது. கவனமாக இருந்தால் வளர்க்கலாம் அல்லவா?

வேண்டாம், தம்பி. அது ஆப்பிரிக்கப் பாம்பு. அதன் விஷப்பல் ஐந்து சென்டிமீட்டர் வரை நீளும். பாம்புகளிலேயே மிக நீளமான பல் அதற்குத்தான். நம் அரசு மருத்துவமனைகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து, நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றித் தயாரிப்பது. அந்தக் குதிரை எந்த விஷத்தைச் சந்தித்ததோ அதை எதிர்க்கத்தான் அதன் இரத்தம் பழகியிருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் நம் ராஜநாகத்துக்கே அந்த மருந்து ஏற்றதில்லை. காபூன் விரியன் கடித்து நீங்கள் மருத்துவமனைக்குப் போனால், மருத்துவர் எதை எடுத்து ஏற்றுவார்? உள்ளூர்ப் பாம்புக் கடிக்கே முதலில் பத்துக் குப்பி ஏற்றுவது வழக்கம். ஆகவே கூண்டைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் மருந்தைப் பற்றிக் கேளுங்கள்: எந்த ஊரில், எத்தனை குப்பி இருக்கிறது?

மதுரை: பச்சை இகுவானா என்ற பெரிய பல்லிக்கு விஷம் இல்லை. அதிலுமா ஆபத்து?

உங்களுக்கு அதிகம் இல்லை. வாலால் அடித்தால் தோலில் தடிப்பு விழும். ஆபத்து இகுவானாவுக்குத்தான். குளியலறையில் வளர்த்த ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார்கள். வயது இரண்டு. வாயைத் திறந்து பார்க்கலாம் என்று விரலை வைத்தேன். கீழ்த்தாடை ரப்பர் போல வளைந்தது. பின்னங்கால்கள் வீங்கி உருண்டிருந்தன. சதை பிடித்திருக்கிறது என்று வீட்டார் மகிழ்ந்திருந்தார்கள். அது சதை இல்லை. சுண்ணாம்புச் சத்து இழந்த எலும்பைத் தாங்க உடல் போட்ட முட்டு. இகுவானாவின் தோலில் நேரடி வெயில் பட வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியே வெளிச்சம் வரும், அதற்குத் தேவையான புற ஊதாக் கதிர் வராது. அவர்கள் அதன்மேல் உயிரையே வைத்திருந்தார்கள். நாள்தோறும் கீரை நறுக்கிக் கொடுத்த அந்த அம்மாவின் முகம் இன்னும் என் நினைவில் இருக்கிறது.

திருச்சி: நட்சத்திர ஆமை வீட்டில் இருந்தால் செல்வம் சேருமாமே?

சேராது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் அது. வைத்திருந்தால் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாத சிறை. வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

கோவை: என்னிடம் ஏழு ஆண்டுகளாக ஒரு பால் பைத்தான் (ball python என்ற சிறு மலைப்பாம்பு) இருக்கிறது. ஒருமுறை கூடக் கடித்ததில்லை, என்னை அடையாளம் தெரியும். நம் நாட்டில் நாய்க்கடியால் இத்தனை பேர் சாகிறார்கள். நாயை வளர்க்காதீர்கள் என்று ஏன் நீங்கள் எழுதுவதில்லை?

நியாயமான கேள்வி. பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் சாது அது; விஷமும் இல்லை. அதனால் மனித உயிருக்கு ஆபத்து என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் வாசனை அதற்குப் பழகியிருக்கும். ஆனால் எலியைத் தொட்ட கையோடு கூண்டுக்குள் போனால், அந்தக் கையை இரையாகத்தான் பார்க்கும்.

நாய் விஷயத்துக்கு வருகிறேன். வெறிநாய்க்கடிக்கான ஊசி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதனோடு வாழ்ந்து மாறிய உயிர் நாய். பாம்பு அப்படி மாறவே இல்லை. இன்னொன்று, உங்கள் பாம்பு எப்படி இங்கே வந்தது? பாங்காக்கிலிருந்து வந்த பயணி ஒருவரின் பெட்டியைச் சுங்கத்தில் பிரித்தபோது நான் உடனிருந்தேன். காலுறைகளில் முடிச்சிட்ட குட்டி மலைப்பாம்புகள். பதினொன்றில் நான்கு அசையவில்லை. பிழைத்த ஏழுக்கு விலை வைக்க ஆள் இருப்பதால்தான் அந்த நான்கும் செத்தன.

வேலூர்: கோவைக்காரர் சொல்வது சரி. பழகியவருக்குப் பாம்பால் ஆபத்தில்லை. நீங்கள் தேவையில்லாமல் பயமுறுத்துகிறீர்கள்.

பழக்கம் காப்பாற்றும் என்றால் கார்ல் ஷ்மிட் பிழைத்திருக்க வேண்டும். சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர், ஊர்வன அறிவியலில் பெரும்பெயர். 1957 செப்டம்பரில், இனம் காண்பதற்காக அனுப்பப்பட்ட, பூம்ஸ்லாங் என்ற ஆப்பிரிக்க விஷப்பாம்பின் குட்டி ஒன்று அவர் கட்டைவிரலைக் கடித்தது. சின்னப் பாம்பு, சின்னக் காயம். மருத்துவமனைக்குப் போகாமல், தன் உடலில் நிகழ்வதையெல்லாம் குறித்துக்கொண்டே இருந்தார். மறுநாள் உள்ளுக்குள் இரத்தம் கசிந்து இறந்துபோனார். பாம்புகளை அவரைவிட அறிந்தவர்கள் அன்று மிகச் சிலரே. மருந்து எங்கே இருக்கிறது என்று நான் மீண்டும் மீண்டும் கேட்பது இதனால்தான்.

ஈரோடு: பால் பைத்தான் வளர்க்க அனுமதி உண்டா?

பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள உயிர் அது. 2022இல் திருத்திய சட்டமும் 2024இல் வந்த விதியும், அதை வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. ரசீது இல்லாமல் கைமாறுவதை வாங்காதீர்கள்.

தஞ்சாவூர்: நட்சத்திர ஆமைக் குட்டி ஒன்று...

திருச்சிக்காரருக்குச் சொன்னதே உங்களுக்கும்.

நாகர்கோவில்: உடும்புக் குட்டி?

முதல் அட்டவணை. கூடாது.

காஞ்சிபுரம்: வீட்டுக்குள் சாரைப்பாம்பு வந்துவிட்டது.

இங்கே எழுதிக்கொண்டிருக்காதீர்கள். கதவைச் சாத்தி இடுக்கில் துணி செருகிவிட்டு, தீயணைப்புத் துறையை 101இல் அழையுங்கள். அடிக்க வேண்டாம்.

செங்கல்பட்டு: சிவப்புக் காது ஆமை தட்டு அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஏரியில் விடலாமா?

கூடவே கூடாது. அமெரிக்க ஆமை அது. நம் ஏரி ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். வளர்ப்பு விலங்கை வெளியில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஃபுளோரிடாவைப் பாருங்கள். வளர்க்க வாங்கிய பர்மிய மலைப்பாம்புகள் தப்பியும் கைவிடப்பட்டும் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பெருகின. முயலும் ரக்கூனும் பல இடங்களில் கண்ணில் படாமல் போயின. 2012இல் அந்தப் பாம்பின் இறக்குமதியை அமெரிக்கா தடை செய்தபோது காலம் கடந்துவிட்டது. 2017இல் நம் இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் அங்கே அழைத்தார்கள். புல் மடிந்த விதத்தையும் பாம்பின் எச்சத்தையும் பார்த்தே தடம் பிடிப்பவர்கள் அவர்கள். ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமான நாட்களில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமிதம் சொல்லி முடியாது. யாரோ செய்த தவறுக்கு அந்த நிலம் இன்னும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

கோவை (மீண்டும்): சரி ஐயா. என்னிடம் ரசீது இல்லை. வீட்டில் மூன்று வயதுப் பேரன் வந்திருக்கிறான். இப்போது நான் என்ன செய்ய?

கேட்டதற்கு நன்றி. விற்காதீர்கள், காட்டில் விடாதீர்கள், கொல்லாதீர்கள். நாளைக் காலை மாவட்ட வன அலுவலகத்துக்குப் போய் உண்மையைச் சொல்லுங்கள். முடிந்தால் வழக்கறிஞர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். கடைசியாக எப்போது இரை தின்றது, எப்போது தோல் உரித்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இனி அதைப் பராமரிப்பவருக்கு உதவும். இன்றிரவு கூண்டுக்குப் பூட்டுப் போடுங்கள். பேரன் கூண்டையோ பாம்பையோ தொட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவிவிடுங்கள். ஊர்வனவற்றின் உடலில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம்.