பாதி விலைக்கு சீட் பெல்ட் வாங்கலாமா?

கேள்வி: ஒன்பது வருடம் ஓடிய கார் ஒன்றை வாங்கினேன். ஓட்டுநர் பக்க சீட் பெல்ட்டைக் கழற்றினால் உள்ளே சுருளாமல் தொங்குகிறது. ஓரத்தில் நூலும் பிரிந்திருக்கிறது. உடைக்கப் போட்ட காரில் இருந்து பாதி விலைக்கு ஒன்று எடுத்துத் தருகிறேன் என்கிறார் மெக்கானிக். போடலாமா?

பதில்: வேண்டாம். உடைக்கப் போகும் கார்களில் பல, விபத்தில் சிக்கியவை. மோதலின்போது பட்டை இழுபட்டு நீண்டுதான் ஆளைப் பிடிக்கிறது. அப்படி ஒரு முறை நீண்டது மறுமுறை அதே பலத்தோடு பிடிக்காது. பல கார்களில் மோதிய நொடியிலேயே பட்டையை இறுக்கிவிட ஒரு சிறு வெடிமருந்துக் குப்பியும் இருக்கிறது. அது ஒரே ஒரு முறைதான் வெடிக்கும். வெடித்ததா இல்லையா என்று வெளியே பார்த்து எளிதில் சொல்ல முடியாது.

தொங்குவதற்கு மட்டும் என்றால் செலவே வேண்டியிருக்காது. தோளுக்கு மேலே பட்டை நுழைந்து திரும்பும் வளையத்தில் பிசுக்கு ஏறியிருக்கும். மிதமான சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் வளையத்தையும் பட்டையையும் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு சுருள விடுங்கள். பிளீச்சிங் கூடாது, நூலை அரித்துவிடும். சுருள் பெட்டிக்குள் எண்ணெய் விடுவதும் வேண்டாம்.

ஆனால் நூல் பிரிந்த பட்டையை மாற்றியே ஆக வேண்டும். தைத்துச் சரிசெய்யும் பேச்சுக்கே இடமில்லை. அதற்கு முன் பட்டையைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். கண்ணில் படும் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறோம், அதுதான் வழக்கம். உள்ளே பட்டை அலை அலையாக நெளிந்திருந்தாலோ, அந்த வளையத்தின் பிளாஸ்டிக் உராய்ந்து உருகியது போல் இருந்தாலோ, இந்தக் கார் ஏற்கெனவே பலமாக மோதியிருக்கலாம். விற்றவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. மற்ற இருக்கைகளின் பெல்ட்டையும் அப்படியே பாருங்கள். வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ள வேண்டும், பக்கிளில் செருகினால் ‘கிளிக்’ என்று பிடிக்க வேண்டும்.

புதியது வாங்கும்போது சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, கம்பெனி பாகமாகவே கேளுங்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் பெல்ட் வேறு மாடலுக்கானதாக இருக்கலாம். உள்ளே அந்த வெடிமருந்துக் குப்பி இருக்கலாம் என்பதால், ஏர்பேக் வேலை தெரிந்தவரே மாட்டட்டும். பில்லில் பாக எண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், கழற்றிய பட்டையை உங்கள் கண் முன்னாலேயே வெட்டிவிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் அது இன்னொருவருக்குப் ‘பாதி விலைக்கு’ப் போய்விடும்.