ஆக்டா ஒப்பந்தம் பற்றிக் கேட்டவர்களுக்கு

கேள்வி: ஆக்டா என்றால் என்ன சார்?

பதில்: கள்ளப்பொருட்களையும் பதிப்புரிமை மீறலையும் ஒடுக்க அமெரிக்கா, ஜப்பான், ஐரோப்பிய ஒன்றியம் முதலியவை சேர்ந்து எழுதிய ஒப்பந்தம். 2008-இல் பேச்சு தொடங்கியது. 2011 அக்டோபரில் எட்டு நாடுகள் டோக்கியோவில் கையெழுத்திட்டன.

கேள்வி: திருட்டைத் தடுப்பது நல்லதுதானே?

பதில்: நல்லதுதான். ஆனால் உலக வணிக அமைப்பை ஒதுக்கிவிட்டுத் தனியாகப் பேசினார்கள். அதிகாரபூர்வ வரைவு வெளியே வந்ததே 2010 ஏப்ரலில்தான். அதுவரை கசிந்த தாள்களை வைத்துத்தான் மக்கள் படித்தார்கள். எனக்குப் பெரிய கவலை 27-ஆம் பிரிவு. மீறியதாகச் சந்தேகிக்கப்படும் இணையக் கணக்கு யாருடையது என்று பதிப்புரிமை அல்லது வணிகக்குறி வைத்திருப்பவருக்குச் சொல்லும்படி இணையச் சேவை நிறுவனத்துக்கு உத்தரவிட, அரசுகள் வழி செய்யலாம். உத்தரவிடுவது நீதிமன்றமாகத்தான் இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. 'உரிய அதிகார அமைப்பு' போதும். கருத்துச் சுதந்திரமும் தனியுரிமையும் காக்கப்படும் என்று ஒரு வரி உண்டு, சரி. எப்படிக் காப்பது என்று எழுதவில்லையே!

கேள்வி: மூன்று முறை மாட்டினால் இணைப்பையே துண்டிப்பார்களாமே?

பதில்: இல்லை. கசிந்த வரைவில் அந்தப் பேச்சு இருந்தது, இறுதி உரையில் இல்லை. எதிர்ப்பவர்கள் இதைச் சொல்லக் கூடாது.

கேள்வி: இந்தியா சேரவில்லையே, நமக்கு என்ன?

பதில்: மருந்து. 2008 டிசம்பரில் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் போன லோசார்ட்டன் என்ற ரத்த அழுத்த மருந்தை நெதர்லாந்துச் சுங்கம் வழியிலேயே பிடித்தது. அது போலி அல்ல. அனுப்பிய நாட்டிலும் வாங்கிய நாட்டிலும் அதற்குக் காப்புரிமைத் தடையும் இல்லை. அது ஐரோப்பாவின் சொந்தச் சுங்க விதி. அதே போக்கை ஆக்டா உலகெங்கும் கொண்டுபோகும் என்றுதான் இந்தியா பயந்தது. இறுதி உரையின் எல்லைச் சோதனைப் பிரிவில் காப்புரிமையை விலக்கினார்கள். ஆனால் வணிகக்குறி, அதாவது பிராண்டுப் பெயர் உரிமை, அதில் நின்றது. 2009-இல் வனுவாட்டு என்ற தீவு நாட்டுக்குப் போன அமாக்சிசிலின் என்ற கிருமி எதிர்ப்பு மருந்தை, ஒரு பிராண்டின் பெயரை ஒத்திருக்கிறது என்ற சந்தேகத்தில் பிராங்க்பர்ட்டில் நிறுத்தினார்கள். யாரும் பயன்படுத்தக்கூடிய மருந்தின் பொதுப் பெயருக்கே அந்தக் கதி!

கேள்வி: இப்போது என்ன நிலை?

பதில்: 2012 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியமும் கையெழுத்திட்டது. அதை எதிர்த்துப் போலந்தில் இளைஞர்கள் உறைபனியில் தெருவுக்கு வந்தார்கள். ஒப்பந்தத்தை ஆராய்ந்து ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தரவேண்டிய உறுப்பினர் காதர் ஆரிஃப் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். ஜூலை 4 அன்று ஐரோப்பிய நாடாளுமன்ற வாக்கெடுப்பில் எதிராக 478, ஆதரவாக 39. அப்புறம் ஜப்பான் மட்டும் ஏற்புறுதி, அதாவது கையெழுத்துக்குப் பிந்தைய இறுதி ஒப்புதல், கொடுத்தது. நடைமுறைக்கு வர ஆறு நாடுகளின் ஏற்புறுதி தேவை, அதனால் அது நடைமுறைக்கு வரவே இல்லை.