கிணற்று நீரை சாம்பிள் எடுக்க விடலாமா?

கேள்வி: அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் மேற்குப் பகுதியில் வீடு வாங்கி மூன்று வருடம் ஆகிறது. குடிக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் போர்வெல் தண்ணீர்தான். கிணற்றிலிருந்து சுமார் 700 அடியில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம் வரப்போகிறது. தோண்டும் முன் எங்கள் தண்ணீரைச் சோதிக்க வேண்டும் என்று நிறுவனத்தின் ஆள் வந்தார். "உள்ளே விடாதீர்கள், அதையே பிறகு உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். என்ன செய்வது? தண்ணீர் கெட்டால் யார் பொறுப்பு?

பதில்: சாம்பிள் எடுக்க விடுங்கள். உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் அவர் சொல்வதைக் கேட்டால் சட்டம் உங்களுக்குத் தந்திருக்கும் பெரிய சலுகையை நீங்களே கைவிட்டதாகிவிடும்.

பொதுவாக இப்படிப்பட்ட வழக்கில், சுரங்கத்தால்தான் கிணறு கெட்டது என்று நிரூபிக்கும் சுமை கிணற்றுக்காரர் தலையில் விழும். பூமிக்கடியில் தண்ணீர் எந்தப் பாறை இடுக்கு வழியாக எங்கே போனது என்று நிபுணர்களை வைத்து வாதாடி முடிப்பதற்குள் சேமிப்பு கரைந்துவிடும். பென்சில்வேனியாவின் திறந்தவெளிச் சுரங்கச் சட்டம் இதைத் தலைகீழாக்கியிருக்கிறது. சுரங்கத்துக்காகப் பிணைத்தொகை கட்டப்பட்டு, வேலை நடக்கும் பகுதியின் எல்லையிலிருந்து 1,000 அடிக்குள் உள்ள கிணறு கெட்டாலும் வற்றினாலும், நிறுவனமே பொறுப்பு என்று சட்டம் அனுமானிக்கிறது. தான் காரணமில்லை என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். அவர்கள் தப்பிக்கும் வழிகளில் ஒன்று, முன்சோதனைக்கு வீட்டுக்காரர் அனுமதி மறுத்தார் என்று காட்டுவது. மறுத்தால் உங்கள் உரிமை போய்விடாது, ஆனால் நிரூபிக்கும் சுமை மறுபடி உங்களிடம் வந்துவிடும்.

கிருமித் தொற்றுக்கு இந்த அனுமானம் பொருந்தாது. அதைச் சட்டமே ஒதுக்கிவிட்டது.

அனுமதிப்பது என்றால் கண்ணை மூடிக்கொண்டு அனுமதிப்பது அல்ல. அவர்கள் சாம்பிள் எடுக்கும் அதே நாளில், அதே குழாயில், நீங்களும் மாநிலச் சான்று பெற்ற லேப் மூலம் ஒரு சாம்பிள் எடுங்கள். யார் எடுத்தார், லேபுக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்ற பதிவு எழுத்தில் இருக்கட்டும். இரும்பு, மாங்கனீசு, அலுமினியம், சல்பேட், அமிலத்தன்மை, காரத்தன்மை ஆகியவற்றோடு கிணற்றின் நீர்மட்டத்தையும் கேளுங்கள். நீர்மட்டத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முடிந்தால் மழைக்காலத்தில் ஒன்று, வறண்ட காலத்தில் ஒன்று.

இந்தப் பட்டியலுக்குக் காரணம் உண்டு. நிலக்கரியை ஒட்டிய பாறையில் உள்ள பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது), காற்றும் தண்ணீரும் பட்டால் கந்தக அமிலமாகவும் இரும்பாகவும் பிரியும். ஓடைகளில் ஆரஞ்சு நிறத்தில் படியும் சேறு அதுதான். அங்கே அதை 'யெல்லோ பாய்' என்பார்கள். பொதுவான விதிப்படி சுரங்கத்திலிருந்து வெளியேறும் நீரில் இரும்பு, 30 நாள் சராசரியாக லிட்டருக்கு 3 மில்லிகிராம், ஒரு நாளில் அதிகபட்சம் 6 வரை இருக்கலாம். குடிநீரில் ருசி, கறை கருதிப் பரிந்துரைக்கப்படும் அளவோ 0.3தான். ஆகவே "நாங்கள் விதியை மீறவில்லை" என்று அவர்கள் சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். உங்கள் கிணற்றுக்கு அது பதில் ஆகாது.

அப்புறம், நீட்டும் காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். குடியிருக்கும் வீட்டிலிருந்து 300 அடிக்குள் திறந்தவெளிச் சுரங்கம் வர, வீட்டுக்காரரின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதமோ, பிற்கால இழப்பீட்டைக் கைவிடும் வரியோ முன்சோதனைப் படிவத்தோடு சேர்ந்து வந்தால் எடுத்து வைத்துக்கொண்டு வக்கீலிடம் காட்டுங்கள். சாம்பிள் எடுக்க அது எதுவும் தேவையில்லை.

தண்ணீர் கெட்டுவிட்டால் முதலில் மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் மாவட்டச் சுரங்க அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். போனில் சொன்னால் போதாது. பாதிப்பு உறுதியானால் தரத்திலும் அளவிலும் போதுமான மாற்றுத் தண்ணீரை நிறுவனம் தர வேண்டும். வடிகட்டும் கருவி வைத்தால், அதை ஓட்டிப் பராமரிக்க ஆகும் கூடுதல் செலவும் அவர்களுடையதே. மாநிலம் அசையாவிட்டால், 1977ஆம் ஆண்டின் மத்தியச் சுரங்கச் சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து நீங்களே மத்திய நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். அது கடைசிப் படி. பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாமலே முடிய வேண்டும்.

சரி, ஒன்றைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. சுரங்கத்துக்குப் பர்மிட் கொடுத்தாகிவிட்டதா? விண்ணப்பம் பற்றி உள்ளூர்ச் செய்தித்தாளில் நான்கு வாரம் தொடர்ந்து விளம்பரம் வர வேண்டும். கடைசி விளம்பரத்திலிருந்து 30 நாளுக்குள் ஆட்சேபம் எழுதலாம், அதிகாரிகளோடு ஒரு கூட்டமும் கேட்கலாம். நீர்வளத்துக்கு என்ன ஆகும் என்று நிறுவனமே எழுதிக் கொடுத்த மதிப்பீடு அந்தக் கோப்பில் இருக்கும்; யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதில் உங்கள் கிணறு குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த 30 நாள் இன்னும் பாக்கி இருக்கிறதா என்று நாளைக்கே மாவட்டச் சுரங்க அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.