ஓடிபி சொல்வதும் கையெழுத்துதான்

கேள்வி: எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் வாங்குகிறோம். பத்திரம் முழுக்க இங்கிலீஷ். என் மாமிக்கு அரபுத்தமிழ், அதாவது அரபு எழுத்தில் எழுதும் தமிழ், சரளமாக எழுதப் படிக்க வரும். தமிழ் எழுத்து வராது. அவரைக் கைநாட்டு வைக்கச் சொல்கிறார்கள். தமிழில் கேட்க எங்களுக்கு உரிமை உண்டா? – வாசகி, கீழக்கரை

பதில்: உண்டு. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் தரும் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் விதி வகுத்தது. ஒப்பந்தமும், கடன் விவரம் எழுதித் தரும் கடன் அட்டையும் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். வட்டி, கட்டணங்கள், கட்டிய தவணைகளின் வரவு, புகாரைக் கேட்கும் அலுவலரின் பெயர், எண் எல்லாம் அட்டையில் வேண்டும்.

சிக்கல் பெரும்பாலும் இரண்டு இடத்தில் வருகிறது. அட்டை குழுத்தலைவி வீட்டிலேயே தங்கிவிடுகிறது. போனில் வரும் ஓடிபியைப் பணியாளர் கேட்டதும் சொல்லிவிடுகிறோம். அதுவும் கையெழுத்துக்குச் சமம். பத்திரத்தை யாரையாவது வரிவரியாகப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே ஓடிபியைச் சொல்லுங்கள். கைக்கு வந்த பணத்தை அட்டையில் உள்ள தொகையோடு ஒத்துப் பாருங்கள். குறைந்தால், கேட்காமலே இன்சூரன்ஸ் சேர்த்திருக்கலாம். சம்மதமில்லாமல் அதைச் சேர்க்கக் கூடாது.

எல்லாக் கடனின் தவணையும் சேர்ந்து குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மாதம் 12,000 வந்தால் 6,000. கடலை நம்பிய வீடு என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தையும் சொல்லி வருமானத்தைக் கணக்கிடுங்கள். சீசன் வரவை மட்டும் எழுதவிட்டால் மே மாதத் தவணைக்கு இன்னொரு கடன் தேட வேண்டிவரும்.

மாமி கைநாட்டு வைக்க வேண்டியதில்லை. அரபு எழுத்திலேயே கையெழுத்துப் போடலாம். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தால் போதும், மாறினால்தான் வங்கியில் திருப்புவார்கள். தலைமுறை தலைமுறையாக இந்தக் கரைப் பெண்கள் வீட்டுக்குள்ளேயே கற்றுவந்த எழுத்து அது. அவரைப் படிக்காதவர் கணக்கில் தள்ளுவது அநியாயம்.

முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் இல்லாவிட்டாலும், பதில் திருப்தி தராவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குத் தமிழிலேயே கடிதம் எழுதலாம். கட்டணம் கிடையாது. விவரம் கேட்க: 14448.

கேள்வி: விதவை உதவித்தொகைக்கு மனுப் போட்டேன், பதிலே இல்லை. எழுதத் தெரியாத நான் தகவல் கேட்க முடியுமா? – வாசகி, ஏர்வாடி

பதில்: முடியும். தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6-இன்படி, எழுத முடியாதவர் வாயால் சொல்வதை எழுத்தாக்கத் தகவல் அலுவலர் உதவியாக வேண்டும். மனு தமிழில் இருக்கலாம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். "ஏன் தரவில்லை?" என்று கேட்டால் நழுவிவிடுவார்கள். "என் மனு இப்போது யாரிடம், எந்தத் தேதி முதல் இருக்கிறது, அதன்மேல் எழுதிய குறிப்புகளின் நகல் வேண்டும்" என்று கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் கெடு.

கேள்வி: காவல் நிலையத்தில் வாயால் சொன்னால் புகாராகுமா? – வாசகி, மண்டபம்

பதில்: ஆகும். குற்றம் பற்றி நீங்கள் சொல்வதை எழுதி, உங்களுக்கே படித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பாலியல் குற்றம் பற்றிய புகார் என்றால் பெண் காவலரோ பெண் அலுவலரோதான் எழுத வேண்டும்.