மகள் இசை படிக்கிறாள், வேலைக்கு என்ன வழி?

அம்மா, வணக்கம். உங்கள் மகள் இசைக் கல்லூரியில் கடைசி ஆண்டுக்குப் போகிறாள், படிப்பு முடிந்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலைதான். இசை படித்தவர்களில் பலர் ஒரே வேலையை நம்பி இருப்பதில்லை. வாரத்தில் சில நாள் வகுப்பு எடுப்பார்கள், இடையில் கச்சேரி, ஸ்டூடியோ வாசிப்பு என்று இரண்டு மூன்று வருமானம் சேரும். இதை வேலை கிடைக்காத நிலை என்று எண்ண வேண்டாம். இந்தத் துறையின் நடைமுறையே இப்படித்தான்.

சிம்பொனி இசைக்குழுவில் நிரந்தர இடம் என்றால் போட்டி கடுமை. ஏற்கெனவே இருப்பவர் விலகினால்தான் பெரும்பாலும் இடம் காலியாகும். பல குழுக்களின் ஆடிஷனில் வாசிப்பவர் யாரென்று நடுவர்களுக்குத் தெரியாதபடி திரை கட்டியிருப்பார்கள். செருப்புச் சத்தத்தை வைத்து ஆணா பெண்ணா என்று ஊகிக்கக் கூடாதென்று சில இடங்களில் கம்பளமும் விரிப்பார்கள். உள்ளே போனதும் குறித்துக் கொடுத்த சில பகுதிகளை வாசிக்க வேண்டும், சில நிமிடங்களில் முடிந்துவிடும். வீட்டில் அருமையாக வாசிக்கிற பிள்ளைகளே அங்கே தடுமாறுவார்கள். கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவில் மாதிரி ஆடிஷன் நடத்தினால் ஒன்றைக்கூட விட வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள்.

மேடையைத் தாண்டியும் வழிகள் உண்டு. பாடகர்களுக்கும் நடன வகுப்புகளுக்கும் பியானோ வாசிப்பவர்கள், ஒலிப்பதிவுப் பொறியாளர்கள், கருவி பழுதுபார்ப்பவர்கள், விழா நிர்வாகிகள் எனப் பலர் தேவைப்படுகிறார்கள். இசை சிகிச்சைக்குப் போக விரும்பினால் அதற்குத் தனிப் பயிற்சியும் தகுதிச் சான்றும் வேண்டும், வெறும் இசைப் பட்டம் போதாது.

நான் அதிகம் பயப்படுவது வேலையைப் பற்றி இல்லை, ஒப்பந்தத்தில் போடும் கையெழுத்தைப் பற்றி. ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு: மெட்டும் வரிகளும் ஒன்று, அந்த ஒலிப்பதிவு இன்னொன்று. இளம் கலைஞர்கள் முதல் வாய்ப்பு கிடைத்த சந்தோஷத்தில், ஒரு தொகையை வாங்கிக்கொண்டு இரண்டையும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம் அந்தப் பாட்டு உலகம் முழுக்க ஓடினாலும் ராயல்டி, அதாவது பாட்டு பயன்படும்போது உரியவருக்குச் சேரும் பங்கு, வராமல் போகலாம். உங்கள் மகள் சொந்தமாக எதையாவது வெளியிட்டால், ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்து-எண் குறியீடு வாங்கச் சொல்லுங்கள். எந்தப் பதிவு எங்கே ஒலித்தது என்று அடையாளம் காண அது உதவும். ஒப்பந்தம் எதுவாக இருந்தாலும் அன்றே கையெழுத்துப் போட வேண்டாம். விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுப் போடட்டும்.

இந்த ஆண்டே அவள் வேலைவாய்ப்புப் பிரிவுக்குப் போய், பட்டம் வாங்கிய பிறகும் உதவுவார்களா, ஒப்பந்தம் படித்துச் சொல்ல ஆள் இருக்கிறதா, பழைய மாணவர்களிடம் பேச வைப்பார்களா என்று கேட்கட்டும். கூடவே, வெட்டு ஒட்டு இல்லாமல் ஒரே கேமராவில் எடுத்த நல்ல பதிவு இரண்டு தயாராக வைத்திருக்கட்டும். கேட்பவர்கள் பெரும்பாலும் முழுதாகக் கேட்க மாட்டார்கள், அதனால் அவளுடைய சிறந்த வாசிப்பு முதல் அரை நிமிடத்திலேயே வரட்டும்.

குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில் அவளுக்கு மனம் லயிக்கிறதா, ஸ்டூடியோவில் மணிக்கணக்காக உட்காரப் பிடிக்கிறதா என்று கேட்டுப் பார்த்தீர்களா? அவள் பதிலை எனக்கு எழுதுங்கள். எந்தப் பயிற்சியில் சேரலாம் என்று அதை வைத்துப் பேசுவோம்.