சிறு விமான எஞ்சின்களும் ஒயில் செலவும்: கேள்வி பதில்

விமானப் பராமரிப்புத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து, இப்போது கல்லடியில் ஓய்வாக இருக்கிறேன். பிஸ்டன் எஞ்சின்கள் ஏன் ஒயில் குடிக்கின்றன என்பதைப் பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் உள்ள மெக்கானிக்குகளும் மாணவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

களுவாஞ்சிக்குடியில் கராஜ் நடத்தும் ஒருவர்: பத்து மணித்தியாலத்துக்கு ஒரு குவார்ட் (ஏறத்தாழ ஒரு லீற்றர்) ஒயில் குறைவது விமான எஞ்சினுக்குச் சாதாரணம் என்கிறார்களே? அப்படி ஒரு வான் வண்டி என்னிடம் வந்தால், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் போய்விட்டது என்றுதான் சொல்வேன்.

வானைப் பொறுத்தவரை உங்கள் தீர்ப்புச் சரியே. ஆனால் செஸ்னா 172 விமானங்கள் பலவற்றில் உள்ள லைகோமிங் ஓ-320 எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கே சிலிண்டர்களில் அதன் கொள்ளளவு ஏறத்தாழ 5.2 லீற்றர், ஒரு சிலிண்டரின் குறுக்களவு 130 மில்லிமீற்றர். நமது முச்சக்கரவண்டியின் சிலிண்டரைப் போல ஆறு மடங்குக்கும் பெரிய அந்தச் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடுவதில்லை, காற்று மட்டுமே அதைக் குளிர்விக்கிறது. தலைப்பகுதிக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வெப்பநிலை 260 பாகை செல்சியஸ். சூடேறும்போது அலுமினியப் பிஸ்டன் உருக்குச் சிலிண்டரை விட அதிகமாக விரிவதால், குளிர்ந்த நிலையில் இரண்டுக்கும் இடையே தாராளமான இடைவெளி விட்டே அவற்றைப் பொருத்த வேண்டியிருக்கிறது. சிலிண்டரின் மேற்பகுதி அதிகம் சூடாகும் என்பதால், அந்தப் பகுதியைச் சற்று ஒடுக்கமாகக் கடைந்து, வேலை செய்யும் சூட்டில் சுவர் நேராக வரும்படி செய்கிறார்கள். இவ்வளவு செய்தும் காரைப் போன்ற இறுக்கம் கிடைக்காததால், கொஞ்சம் ஒயில் பிஸ்டனைத் தாண்டி மேலேறி எரிந்துவிடுகிறது. அத்துடன் வான் தன் முழு வலுவைக் காட்டுவது ஏற்றத்தில் சில நிமிடங்கள்தான். விமான எஞ்சினோ மணிக்கணக்காக 65 முதல் 75 வீத வலுவில் ஓடுகிறது. அதே நேரத்தில் அது எரிக்கும் பெற்றோலோடு ஒப்பிட்டால், பத்து மணித்தியாலத்துக்கு ஒரு குவார்ட் என்பது அரை வீதத்துக்கும் குறைவு.

அம்பாறையிலிருந்து, விமானியாகப் பயிலும் மாணவி: உற்பத்தியாளர் அனுமதிக்கும் உச்ச அளவு எவ்வளவு, ஐயா?

லைகோமிங் தரும் கணக்கு இது: குதிரைவலுவை 0.006ஆலும் 4ஆலும் பெருக்கி, 7.4ஆல் வகுக்க வேண்டும். 160 குதிரைவலு எஞ்சினுக்கு மணித்தியாலத்துக்கு 0.52 குவார்ட் வரும்; அதாவது ஏறத்தாழ அரை லீற்றர். இந்த எல்லைக்குள் இருக்கிறது என்பதற்காக எஞ்சின் நலமாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள், மகள். அந்த வேகத்தில் ஒயில் குடிக்கும் எஞ்சினை நான் நீண்ட பயணத்துக்கு விடமாட்டேன். எல்லை அளவை விட உங்கள் எஞ்சினின் வழக்கமான அளவை அறிந்திருப்பதே முக்கியம்.

அதே மாணவி: எஞ்சினின் ஒயில் தொட்டியில் எட்டுக் குவார்ட் பிடிக்கும். ஆனால் ஆறுக்கு மேல் ஊற்றவேண்டாம் என்று பயிற்றுநர் சொல்வது ஏன்?

நிரம்பிய தொட்டியில் கிராங்க் தண்டின் சுழற்சி ஒயிலைப் பனிபோல் அடித்துக் கிளப்ப, அது எஞ்சினின் உட்காற்றை வெளியே விடும் பிரீதர் குழாய் வழியே வெளியேறி விமானத்தின் வயிற்றில் படிகிறது. பல எஞ்சின்களில் மேலே உள்ள முதல் குவார்ட் வேகமாகக் குறைவதற்குக் காரணம் இதுதான். ஆயினும் உங்கள் விமானத்தின் கையேடு குறிப்பிடும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே ஒருபோதும் போகக் கூடாது.

ஏறாவூர் ஆசிரியர் ஒருவர்: முதல் உலகப் போரின் விமானங்களில் ஆமணக்கெண்ணெய் ஊற்றினார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். அக்காலத்து ரோட்டரி எஞ்சின்களில் கிராங்க் தண்டு அசையாமல் நிற்க, சிலிண்டர்கள் எல்லாம் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுழன்றன. பெற்றோல் கலவை கிராங்க் அறை வழியே போனதால், பெற்றோலில் எளிதில் கரையாத ஆமணக்கெண்ணெய் தேவைப்பட்டது. ஊற்றிய எண்ணெய் திரும்பி வராமல் புகையோடு முழுவதும் வெளியே போனது. காஸ்ட்ரோல் என்ற பெயரிலும் ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயர் ஒளிந்திருக்கிறது.

அக்கரைப்பற்று மெக்கானிக் ஒருவர்: நல்ல தரமான கார் ஒயிலை ஊற்றினால் என்ன?

லைகோமிங், கொண்டினெண்டல் எஞ்சின்களில் ஊற்றவே கூடாது. கார் ஒயிலைச் சுத்தமாக வைத்திருக்கும் சேர்மானங்களில் உலோகக் கூறுகள் உண்டு. விமான எஞ்சின் ஒயிலை எரிக்கும் தன்மை உடையது என்பதால், அவை சாம்பலாகி எரி அறையில் படியும். அந்தப் படிவு தணலாகிப் பிளக் பொறி விடுமுன்னரே கலவையைப் பற்றவைத்தால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும். ஆகவேதான் விமான ஒயிலைச் சாம்பல் விடாத வகையாகத் தயாரிக்கிறார்கள். இலகு விமானங்களில் வரும் ரோட்டாக்ஸ் 912 எஞ்சின் வேறு வகை. அதன் சிலிண்டர் தலைகளைத் திரவம் குளிர்விக்கிறது, கியர்ப் பெட்டியும் அதே ஒயிலில் ஓடுகிறது. அதற்கு மோட்டார் சைக்கிள் ஒயில் போன்ற வகைகளே பரிந்துரைக்கப்படுகின்றன. அதன் உச்ச ஒயில் செலவும் மணித்தியாலத்துக்கு 0.06 லீற்றர்தான்.

காத்தான்குடி வாசகர்: மட்டக்களப்புக்கு வந்துபோன செஸ்னா கரவான் விமானங்களும் இப்படி ஒயில் குடிக்குமா?

இல்லை. அவை டர்பைன் எஞ்சின்கள். பிஸ்டனும் ரிங்கும் இல்லாததால் ஒயில் செலவு மிகச் சொற்பம்.

பாசிக்குடாவிலிருந்து ஒருவர்: கடற்கரை ஓரம் நிறுத்திவைக்கும் விமானத்தின் எஞ்சினுக்கு என்ன ஆகும்?

பறப்பதை விட நிற்பதே அதற்குக் கேடு. உப்பும் ஈரமும் கலந்த நம் காற்றில், உருக்குச் சிலிண்டர் சுவரிலிருந்த ஒயில் படலம் வடிந்தபின் துரு ஏறும். பின்னர் எஞ்சினை இயக்கும்போது அந்தத் துரு அரத்தைப் போல ரிங்கைத் தேய்த்து, ஒயில் செலவைக் கூட்டிவிடும். லைகோமிங்கில் வால்வுகளை இயக்கும் காம் தண்டு மேலே இருப்பதால் அதுவும் விரைவில் காய்ந்துவிடும். கிழமைக்கு ஒருமுறை பத்து நிமிடம் தரையில் இயக்கிவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அது நன்மையை விடத் தீமையே செய்யும், ஏனெனில் எரிதலில் பிறக்கும் நீராவி, ஒயில் முழுச் சூட்டுக்கு வராததால் உள்ளேயே தங்கிவிடுகிறது. ஒயில் 80 பாகை அளவுக்குச் சூடாகும்படி ஒரு மணித்தியாலம் பறப்பதே மருந்து. அது முடியாதென்றால் பாதுகாப்பு ஒயில் இட்டு முறைப்படி மூடிவையுங்கள்.

கல்முனையிலிருந்து, பராமரிப்புத் துறையில் பயிலும் இளைஞர்: ஒயில் செலவு திடீரென்று கூடினால் எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள், தம்பி. நான் இளைஞனாக வேலை செய்த ஓரிடத்தில், பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு குவார்ட் குடித்த எஞ்சின் ஒன்று நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு குவார்ட் என்ற நிலைக்கு வந்திருந்தது. காலையில் ஒருவரும் மாலையில் இன்னொருவருமாக ஊற்றியதாலும், எவரும் எழுதிவைக்காததாலும், அந்த மாற்றம் யார் கண்ணிலும் படவில்லை. சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தபோது ஒயில் ரிங் முறிந்து சுவரைக் கீறியிருந்தது. ஊற்றியவர்களில் நானும் ஒருவன் என்பதால், அந்தக் கீறல்களை இன்றைக்கும் மறக்கவில்லை.

பதிவேட்டை அடுத்து வெளிக்கசிவைத் தேடுங்கள். பிறகு பிளக்குகளைக் கழற்றி, எந்தச் சிலிண்டரில் ஒயில் ஈரம் இருக்கிறது என்று பாருங்கள். சதுர அங்குலத்துக்கு 80 இறாத்தல் அழுத்தத்தில் சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்திக் காது கொடுத்துக் கேளுங்கள்: ஒயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங், புகைக்குழாயில் சீறினால் வெளியேற்று வால்வு. பில்டரை வெட்டித் திறந்து, மடிப்புகளை விரித்து, உலோகத் துகள் உண்டா என்று காந்தத்தையும் வைத்துப் பாருங்கள். புதிதாகச் சிலிண்டர் மாற்றிய எஞ்சின் என்றால் அவசரப்படாதீர்கள். ரிங் படிந்து அமர 25 முதல் 50 மணித்தியாலம் செல்லலாம். புது மோட்டார் சைக்கிளைப் போல மெதுவாக ஓட்டினால் சுவர் கண்ணாடிபோல் வழுவழுப்பாகி, ரிங் அமராமலே போய்விடும். ஆகவே அந்தக் காலத்தில் நல்ல வலுவிலேயே பறக்க வேண்டும்.

அம்பாறை மாணவி மீண்டும்: இரத்மலானையிலிருந்து மட்டக்களப்புக்குப் பறக்கும்போது எவ்வளவு ஒயில் கொண்டுபோக வேண்டும்?

நேர்கோட்டில் ஏறத்தாழ 220 கிலோமீற்றர். செஸ்னா 172இல் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். நலமான எஞ்சின் போய்வருவதற்குள் கால் குவார்ட் அளவே குடிக்கும். ஆனாலும் அதே வகை ஒயிலில் ஒரு போத்தல் எடுத்துச் செல்லுங்கள். மட்டக்களப்பு விமான நிலையம் உள்ள புதூரில் இறங்கிய பின் கடைகளில் தேடினால் அது கிடைக்காது. நிறுத்திப் பதினைந்து நிமிடமாவது கழித்து, சமதரையில் அளந்து, தேதியையும் மணித்தியாலத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒயிலை அளக்கும் டிப்ஸ்டிக்கைத் திரும்பச் செருகியபின் அதன் மூடி திருகப்பட்டிருக்கிறதா என்று கையால் தொட்டே உறுதிசெய்யுங்கள்.